பட்டறைக்குள் நுழைந்த மருத்துவர்

போத்தனூரிலிருந்து குறிச்சி செல்லும் வழியில், நான் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளில், ஒரு பழைய பேட்டரிப் பட்டறை இருந்தது. லாரிகளிலிருந்து கழற்றி வந்த பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கிக் கட்டிகளாக வார்ப்பது அங்கே நடந்த வேலை. எங்கள் தெருவைச் சேர்ந்த, எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் ஏழெட்டு ஆண்டுகள் அங்கு வேலை பார்த்தார். அவருக்கு அவ்வப்போது வயிறு சுருட்டிப் பிடிக்கும்; திண்ணையில் சுருண்டு கிடப்பார். குடல்புண் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு வலக்கை மணிக்கட்டிலிருந்து தொங்கத் தொடங்கியது. காப்பி டம்ளரை இடக்கையால்தான் எடுப்பார். வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவராவது அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதாகப் பெரியம்மாவுக்கு நினைவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு மருத்துவரைப் பற்றி நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வில் இருந்தேன். புறச்செலவு என்பது என் ஆய்வுப் பொருள். ஒரு பொருளைச் செய்து விற்பவர், அதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைத் தம் கணக்கில் எழுதாமல் பிறர் தலையில் ஏற்றிவிடுவதை எங்கள் துறையில் அப்படி அழைப்போம். போபாலுக்குப் பிறகு தொழிற்சாலை நச்சுகளைப் பற்றித் தேடிப் படித்தபோது, நூலகத்தின் மூலையில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1943-இல் வெளியிட்ட தன்வரலாறு கையில் அகப்பட்டது. நான் வரைபடங்களும் சமன்பாடுகளுமாக எழுதிக்கொண்டிருந்ததை, அந்த அம்மையார் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தெருத்தெருவாக நடந்து கண்டுபிடித்திருந்தார். அன்றிரவே பெரியப்பாவின் தொங்கிய கைக்குப் பெயர் தெரிந்துவிட்டது. ஈய நச்சு.

ஆலிஸ் ஹாமில்டன் 1869 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தவர். வசதியான குடும்பம், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். கிரேக்கத் தொன்மங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எடித் ஹாமில்டன் இவருடைய அக்கா. தந்தையின் மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப்போனதும் பெண்களும் சம்பாதிக்க வேண்டிய நிலை வந்தது. மருத்துவராகிவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் யாருக்காவது பயன்படலாம் என்ற எண்ணத்தில் ஆலிஸ் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம். பின்னர் நோய்க்குறியியலும் நுண்ணுயிரியலும் கற்க ஜெர்மனி சென்றார். அங்கே லைப்சிக், மியூனிக் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு முறையான இடம் கிடையாது. ஆண் மாணவர்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்ற அளவில் அனுமதித்தார்கள்.

1897-இல் சிகாகோவில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பியது அந்த வேலையன்று, குடியேறிய இடம். ஜேன் ஆடம்ஸ் நடத்திவந்த ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் சேர்ந்தார். இத்தாலியர், போலந்து நாட்டவர், கிரேக்கர் எனப் பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்களின் சந்துகளுக்கு நடுவே இருந்தது அந்த இல்லம். படித்தவர்கள் அங்கேயே தங்கி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, மாலைப் பள்ளியும் குழந்தைகள் மருத்துவ மையமும் நடத்தினார்கள். ஹாமில்டன் அங்கே 22 ஆண்டுகள் வாழ்ந்தார். பகலில் ஆய்வகம், மாலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டக் கற்றுத்தரும் வகுப்பு. வந்துபோகும் பெண்களின் பேச்சிலிருந்து அவர் காதில் விழுந்தவை பெரும்பாலும் ஆண்களின் நோய்கள்தாம். உருக்காலைப் புகையில் மயங்கியவர், ஈய ஆலைக்குப் போய்க் கை விழுந்தவர், நாற்பது வயதுக்குள் கிழவராகிவிட்டவர் என்று கதைகள் வந்துகொண்டே இருந்தன.

இங்கே அவருடைய தோல்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1902-இல் சிகாகோவில் டைஃபாய்டு பரவியபோது, ஹல் ஹவுஸைச் சுற்றிய தெருக்களில் மட்டும் ஏன் இவ்வளவு கடுமை என்று ஆராய்ந்தார். திறந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களே காரணம் என்று கட்டுரை எழுதினார். பெரும் பாராட்டு, சுகாதாரத் துறையில் மாற்றங்களும் நடந்தன. பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தப் பகுதியின் நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பால் சாக்கடை நீர் குடிநீர்க் குழாயில் கலந்திருந்தது. அதிகாரிகள் அதை மறைத்துவிட்டார்கள். தன்னைப் பாராட்டுபவர்களிடமெல்லாம் அது தவறான முடிவு என்று விளக்குவது அவருக்கு வழக்கமாயிற்று. ஆய்வறிக்கை எழுதிப் பிழைத்த எனக்கு, அவருடைய வெற்றிகளைவிட இந்தச் சங்கடம் மிகவும் பிடித்தது. அலுவலகம் தரும் தகவலை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடத்தை அவர் அப்போதே கற்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் ஆலிவர் அபாயத் தொழில்களைப் பற்றி எழுதிய பெருநூலை ஹாமில்டன் அக்காலத்தில் படித்தார். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஈயம், பாதரசம், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கையாளச் சட்டங்களும் ஆய்வாளர்களும் இருப்பது தெரிந்தது. அமெரிக்க மருத்துவ ஏடுகளைப் புரட்டினால் ஒன்றுமே இல்லை. கேட்டால், எங்கள் ஆலைகள் நவீனமானவை, எங்கள் தொழிலாளர்கள் நன்றாக உண்பவர்கள், இங்கே அந்த நோய்கள் வருவதில்லை என்ற பதிலே வந்தது. கணக்கெடுக்காததால் நோய் இல்லை. நோய் இல்லாததால் கணக்கு வேண்டாம்.

இந்த மயக்கத்தை முதலில் உடைத்தது தீப்பெட்டித் தொழில். வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசிப்பவர்களுக்குத் தாடை எலும்பு அழுகும். அமெரிக்காவில் அது கிடையாது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஜான் ஆண்ட்ரூஸ் என்ற தொழிலாளர் சட்ட ஆய்வாளர் நேரில் போய்த் தேடியபோது நோயாளிகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தார்கள். அதற்கு 1912-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கண்ட தீர்வு, பொருளாதார ஆசிரியனான எனக்குத் தனிச்சுவை. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற ஐயம் இருந்ததால், நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் என்று கடும் வரி போட்டுவிட்டார்கள். அந்த விலையில் எவரும் விற்க முடியவில்லை. இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகவே தடைசெய்தது. ஆகவே 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது இந்த ஒரு நஞ்சு மட்டும் அதற்கு முன்பே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது.

இலினாய் மாநிலம் தொழில்நோய்களை ஆராய ஒரு குழு அமைத்தது. 1910-இல் அதன் கள ஆய்வுக்கு ஹாமில்டன் பொறுப்பேற்றார். ஈயத்தைத் தம் பங்காக எடுத்துக்கொண்டார். எந்தெந்த ஆலையில் ஈயம் பயன்படுகிறது என்ற பட்டியல்கூட அரசிடம் இல்லை. அவரும் உதவியாளர்களும் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். தொழிற்சங்கத்தாரை, மருந்துக் கடைக்காரர்களை, பாதிரியார்களைக் கேட்டார்கள். நோயாளியின் வீட்டைத் தேடிப்போய் அவர் மனைவியிடம் பேசினார்கள். ஈயத்தோடு புழங்கும் தொழில்முறைகள் எழுபதுக்கும் மேல் என்று தெரியவந்தது. சுருட்டு சுற்றும் பளபளப்புத் தாளில் ஈயம், கண்ணாடி மெருகேற்றும் பொடியில் ஈயம், சவப்பெட்டி அலங்காரத்திலும் ஈயம்.

அந்த ஆய்வில் ஒரு குளியல் தொட்டிக் கதை உண்டு. ஈய வாதத்தால் முடங்கிய ஒரு போலந்துத் தொழிலாளி, தொட்டிகளுக்குப் பளிங்குப் பூச்சுப் பூசும் ஆலையில் வேலை செய்ததாகச் சொன்னார். ஹாமில்டன் அந்த ஆலைக்குப் போனார். மேலாளர் மரியாதையாக எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். தொட்டிகளுக்கு வெளிப்புற வண்ணம் பூசும் இடத்தைப் பார்த்தார். அந்த வண்ணத்தில் ஈயமே இல்லை. திரும்பிப்போய் நோயாளியிடம் கேட்டபோதுதான் அவர் பார்த்தது உண்மையான இடமே அன்று என்பது விளங்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தொட்டியின் மேல் பூச்சுப் பொடியைச் சலித்துத் தூவும் வேலை நகரின் வேறொரு மூலையில் நடந்தது. வெப்பத்தில் அந்தப் பொடி புகையாய் எழும். தூவுபவர் குனிந்து நின்று அதைச் சுவாசிப்பார். பொடியின் மாதிரியைப் பெற்றுச் சோதித்தபோது அதில் கரையும் ஈயம் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. சுற்றிக் காட்டுபவர் எந்தக் கதவைத் திறக்கிறாரோ அதோடு பார்வை முடிந்துவிடக் கூடாது என்பதை இன்றைய ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஹாமில்டனின் பங்களிப்பில் மிகவும் முக்கியமானது என்று நான் கருதுவது வேறொன்று. ஈய நச்சு எப்படி உடலுக்குள் போகிறது என்பதில் அன்று முதலாளிகளுக்கும் பல மருத்துவர்களுக்கும் ஒரே கருத்துதான். தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், நகத்தடியில் அழுக்கு, எனவே குற்றம் அவனுடையது. சோப்பும் நகத்தூரிகையும் வாங்கி வைத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது. ஹாமில்டன் ஆலைகளில் நின்று பார்த்ததோ வேறு. கை மிகவும் அழுக்காகும் வேலை செய்தவர்களைவிட, காற்றில் தூசியும் ஆவியும் பறக்கும் இடத்தில் நின்றவர்களே விரைவாகவும் கடுமையாகவும் விழுந்தார்கள். நுண்ணிய ஈயத்தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்க் குருதியில் கலக்கிறது, எலும்பில் தங்குகிறது, குருதியைச் சோகையாக்குகிறது, வயிற்றைச் சுருட்டுகிறது, கையைத் தூக்கும் நரம்பை முடக்குகிறது, கருவுற்ற பெண்ணின் கருவைக் கலைக்கிறது. ஈறின் ஓரத்தில் நீலக்கோடு படிவது அதன் அடையாளம்.

காரணம் மாறினால் தீர்வும் மாறுகிறது. கை கழுவச் சொல்வது தொழிலாளிக்கு இடும் கட்டளை. தூசி எழாமல் தடுப்பது முதலாளி செய்ய வேண்டிய வேலை. உலர்ந்த பொடியை ஈரமாக்கி அல்லது எண்ணெயில் குழைத்துக் கையாள்வது, அரைக்கும் இயந்திரத்தை மூடிவைப்பது, உலைக்கு மேல் கூண்டு அமைத்துப் புகையை உறிஞ்சி வெளியேற்றுவது, முடிந்த இடத்தில் ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாகத்தைப் பயன்படுத்துவது, இவையே அவர் வற்புறுத்தியவை. இவற்றுக்குப் பிறகுதான் தனி உணவறை, மாற்றுடை, மாதந்தோறும் மருத்துவச் சோதனை. இன்று பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில், நச்சுப் பொருளை முதலில் விலக்கு, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் பொறியியலால் அடை, முகமூடியும் கையுறையும் கடைசியில்தான் என்று ஒரு வரிசை சொல்லித்தருகிறார்கள். அந்த வரிசையின் முதுகெலும்பு இங்கே இருக்கிறது. எங்கள் பகுதி வார்ப்பட ஆலைகளிலும் பஞ்சாலைகளிலும் தூசிக்கு மாற்றாக வெல்லமும் வாழைப்பழமும் தந்து பார்த்திருக்கிறேன். வெல்லம் நல்ல உணவு. நுரையீரலுக்குள் போன மணல் தூளை அது வெளியே கொண்டுவராது.

1911-இல் இலினாய் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு மத்திய அரசின் தொழிலாளர் துறை ஆணையர் சார்ல்ஸ் நீல், நாடு முழுவதும் ஈயத் தொழில்களை ஆராயும் பணியை ஹாமில்டனிடம் ஒப்படைத்தார். நிபந்தனைகள் விசித்திரமானவை. சம்பளம் கிடையாது, அறிக்கை முடிந்ததும் அரசு அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஆலைக்குள் நுழையவும் சட்ட அதிகாரம் கிடையாது. உரிமையாளர் அனுமதித்தால் போகலாம். இந்த வெறுங்கையோடுதான் அவர் பத்தாண்டு அலைந்தார். கிடைத்த முடிவை முதலில் உரிமையாளரிடமே தனியாகச் சொல்வது அவர் வழக்கம். நேஷனல் லெட் கம்பெனியின் எட்வர்ட் கார்னிஷிடம், உங்கள் ஆட்கள் நஞ்சுண்டு கிடக்கிறார்கள் என்ற பொருளில் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆதாரம் இருந்தால் காட்டும்படியும், காட்டினால் சொன்னபடி செய்வதாகவும் உறுதி கூறினார். ஹாமில்டன் மருத்துவமனைகளைத் துருவி, அவருடைய சிகாகோ ஆலையிலிருந்து மட்டும் படுக்கையில் சேர்க்கப்பட்ட 22 நோயாளிகளின் விவரத்தோடு திரும்பினார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசி உறிஞ்சிகளும் ஆலை மருத்துவர்களும் வந்தார்கள்.

எல்லோரும் கார்னிஷ்கள் அல்லர். ரயில் பெட்டிகள் கட்டிய புல்மன் நிறுவனத்தில், பெட்டிகளின் கூரையில் பூசிய ஈய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்து மெருகேற்றுவார்கள். தூள் அப்படியே முகத்தில் கொட்டும். அங்கே ஹாமில்டனின் சொல் எடுபடவில்லை. ஹல் ஹவுஸின் புரவலர் லூயிஸ் போவன் அம்மையார் அந்த நிறுவனத்தின் பங்குதாரர். அவர் நிறுவனத் தலைமையை நேரில் கேட்ட பிறகு மருத்துவப் பிரிவும் மாற்றங்களும் வந்தன. ரயில்வே ஊரில் பிறந்த நான், எங்கள் ஊர்ச் சந்திப்பில் புதிதாய் வண்ணம் பூசிய பெட்டிகள் நிற்பதைக் கண்டால் இதை நினைத்துக்கொள்வேன். பங்கு வைத்திருப்பவருக்கு ஆண்டறிக்கையில் லாபத்தைத் தவிர வேறொன்றையும் கேட்கும் உரிமை உண்டு என்பதை எங்கள் பாடநூல்கள் வெகுகாலம் கழித்தே எழுதின.

முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகளை ஆராயச் சொன்னார்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதே ராணுவ ரகசியம். வானில் எழும் மஞ்சளும் ஆரஞ்சுமான நைட்ரஸ் புகையை அடையாளமாகக் கொண்டும், பிக்ரிக் அமிலத்தால் முகமும் கையும் மஞ்சளான தொழிலாளர்களைத் தெருவில் பின்தொடர்ந்தும் அவர் ஆலைகளைக் கண்டுபிடித்தார்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொழில் மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர் பதவி தந்தது. அந்தத் துறையில் அவருக்கு நிகராக நாட்டில் ஆண் எவரும் இல்லாததால்தான் தந்தது. ஹார்வர்டில் ஆசிரியரான முதல் பெண் அவர். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக் கூடாது, கால்பந்துப் போட்டிக்கு இலவசச் சீட்டு கேட்கக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் மேடையேறக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். 1935-இல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியராகவே இருந்தார். கல்லூரிப் பதவி உயர்வு அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர் வென்ற சண்டைகளைவிடத் தோற்ற ஒரு சண்டை நம் வீடுகளுக்குள் நுழைந்தது. வாகன இயந்திரம் இடிக்காமல் ஓட, பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் என்ற பொருளைக் கலந்தார்கள். 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி மாண்டார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில், ஈயம் பயன்படும் எந்த இடத்திலும் நச்சு நேராமல் இருந்ததில்லை, ஆலைக்குள் கட்டுப்படுத்தினாலும் தெருவில் சிதறுவதை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்ற வாதத்தை ஹாமில்டன் வைத்தார். மாற்றுப் பொருள் தேடும்படி வேண்டினார். வாகன நிறுவனங்களின் வாதமே வென்றது. மறு ஆண்டே விற்பனை தொடர்ந்தது. இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000-ஆம் ஆண்டில். உலகின் கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். ஒரு மருத்துவரின் எச்சரிக்கைக்கும் அதை உலகம் ஏற்றதற்கும் இடையே 96 ஆண்டுகள்.

ஓய்வுக்குப் பிறகு, எழுபது வயதை நெருங்கும்போது, அவர் செய்த கடைசிப் பெரிய கள ஆய்வு விஸ்கோஸ் ரேயான் ஆலைகளைப் பற்றியது. மரக்கூழைச் செயற்கைப் பட்டாக்கக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அதன் ஆவி நரம்பைத் தாக்கும், மனத்தைக் குலைக்கும். பென்சில்வேனியாவில் அந்தத் தொழிலாளர்கள் சிலர் மனநல மருத்துவமனைகளில் கிடந்தார்கள்; காரணம் ஆலைக் காற்று என்று எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிறுமுகை நினைவு வந்தது. பவானிக் கரையில் அங்கு இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவால் ஆறு கெட்டதைப் பற்றிக் கோவை மாவட்டம் ஆண்டுக்கணக்கில் பேசியது, போராடியது, ஆலையும் மூடப்பட்டது. ஆற்றைப் பற்றி நான் படித்த செய்திகள் ஏராளம். ஆலைக்கு உள்ளே நின்றவர்கள் சுவாசித்த காற்றைப் பற்றி நான் படித்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஹாமில்டன் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1915-இல் ஜேன் ஆடம்ஸோடு ஹேக் நகரின் பெண்கள் அமைதி மாநாட்டுக்குச் சென்றவர், தொண்ணூறு வயதைக் கடந்தும் வியத்நாம் போரை எதிர்த்துக் கையெழுத்திட்டார். 1970 செப்டம்பர் 22 அன்று, 101-ஆம் வயதில், கனெக்டிகட்டில் ஆற்றங்கரையிலிருந்த தம் வீட்டில் மறைந்தார். பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க மத்தியச் சட்டம் கையெழுத்தானது அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று. ஆலைக்குள் நுழைய ஆய்வாளருக்குச் சட்ட உரிமை தந்த அந்தச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருந்த தொழில்நோய்களின் பட்டியல் அது. முதலில் ஈய நச்சு. அடுத்தது டெட்ராஎத்தில் ஈயம். பிறகு பாஸ்பரஸ், பாதரசம். சற்றுத் தள்ளி நைட்ரஸ் புகை, கார்பன் டைசல்பைடு. அவருடைய வாழ்க்கை வரலாற்றின் பொருளடக்கம் போலவே இருக்கும். நம் பஞ்சாலைகளின் பஞ்சுத் தூசி நோயும் வார்ப்பட ஆலைகளின் சிலிக்கா நோயும் அதில் உண்டு. போபாலுக்குப் பின் 1987-இல் சேர்த்த பிரிவுகள், கையாளும் பொருளின் அபாயத்தைத் தொழிலாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கவும், உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமையை அவருக்கு வழங்கவும் செய்தன. சட்டத்தில் குறையென்று பெரிதாகச் சொல்ல முடியாது. பெரியப்பா நோயுற்ற காலத்திலும் அந்தப் பட்டியலின் முதல் வரி ஈயம்தான். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். குறிச்சிப் பக்கம் குரோம் முலாம் பூசும் பட்டறை நடத்துகிறார். பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். மின்விசையோடு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை இருபதாக உயர்த்திவிட்டது. இனித் தமக்குத் தொல்லையில்லை என்று அவர் மகிழ்ந்தார். அபாயத் தொழில் என்று அரசு அறிவிக்கும் இடங்களுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்ற விதிவிலக்கு அதே சட்டத்தில் இருப்பதை அவர் படித்திருக்கவில்லை. நான் அதைச் சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து எழும் அமிலப் பனியை இழுக்க விசிறி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். கூரையில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். கூரை விசிறி, தொட்டியின் மேல் குனிந்து நிற்பவரின் மூக்கைத் தாண்டித்தான் பனியை இழுக்கும். தொட்டியின் விளிம்பிலேயே உறிஞ்ச வேண்டும். எவருக்காவது மூக்கிலிருந்து குருதி வருகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தம் மூத்த தொழிலாளியை அழைத்தார். வெயில் காலத்தில் அடிக்கடி வரும் என்றும், உடல் சூடு என்று தாம் பொருட்படுத்தவில்லை என்றும் அவர் பதில் தந்தார். பதினோரு ஆண்டுகளாகத் தொட்டியருகே நிற்பவர். மூக்கின் நடுத்தடுப்பில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க, வரும் வெள்ளிக்கிழமை அவரைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். என்ன வேலை செய்கிறார் என்பதைச் சீட்டின் முதல் வரியிலேயே எழுதிக் கொண்டுவரும்படி மாணவரிடம் சொல்லியிருக்கிறேன்.